சக்கரம் கோட்டில் பட்ட பிறகு

ஃபோன்யோட்
ஏப்ரல் 11, 2024

டால்மா,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். அடித்தது தெரியக்கூடாது என்று வேறு தாள் எடுத்தேன். இது இரண்டாவது தாள்.

போன் செய்யாததற்குக் காரணம் உண்டு. நீ எடுத்ததும் அழுவாய். நான் திட்ட வந்ததை மறந்துவிட்டு உன்னைச் சமாதானப்படுத்த ஆரம்பிப்பேன். உன் சின்ன வயதிலிருந்து நமக்கு இதே வழக்கமாகிவிட்டது. இந்தத் தடவை உன்னை முழுசாகத் திட்டியாக வேண்டும், அதனால்தான் கடிதம்.

உங்கள் கம்பெனியின் விபத்து அறிக்கையை என் வக்கீல் நேற்று அனுப்பினார். முப்பத்தொரு பக்கம். உன் அண்ணி எமோகே உட்கார்ந்து சத்தம் போட்டு வாசித்தாள், நான் நின்றுகொண்டே கேட்டேன். 'பாதுகாப்பு ஓட்டுநர் ஸ்டீயரிங்கில் கை வைக்காமல் இருந்திருந்தால், வாகனம் தானாகவே தன் தடத்துக்குத் திரும்பியிருக்கும். விபத்து நேர்ந்திருக்காது.' இருபத்தெட்டாம் பக்கம். பாதுகாப்பு ஓட்டுநர் என்றால் நான், தானாக ஓடும் உங்கள் சோதனைக் கார் தப்பு செய்தால் பிடிக்க ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்திருந்தவன். எனக்கு ஒரு பெயர் இருப்பதாக முப்பத்தொரு பக்கத்தில் ஓரிடத்திலும் இல்லை. கடைசிப் பக்கத்தில் மூன்று கையெழுத்து. ஒன்று உன் மேலாளர் கொலோஷ். இன்னொன்று யாரோ ஒருவர். மூன்றாவது என் கூடப்பிறந்தவள்.

எமோகே அந்த இடத்தில் வாசிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "உங்க தங்கச்சி கையெழுத்து எப்பவும் இவ்வளவு அழகா இருக்குமா?" என்று கேட்டாள்.

நடந்தது உனக்குத் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் அந்த அறிக்கையில் இருப்பது நடந்தது இல்லை. மார்ச் 7, மதியம் இரண்டு மணி, எம்-7 சாலை, ஜமார்டி தாண்டி. கார் தானாக ஓடிக்கொண்டிருந்தது. முன்னால் மரக்கட்டை ஏற்றிய லாரி. கார் லாரியை முந்த நினைத்தது, இடது இண்டிகேட்டர் போட்டது, மெதுவாக நகர்ந்தது. இடது முன்சக்கரம் கோட்டில் ஏறியது. கண்ணாடியில், பின்னால் இடது தடத்தில் ஒரு சாம்பல் நிறக் கார், நூற்றைம்பதைத் தாண்டிய வேகத்தில் வந்தது. நம் கார் நிற்கவில்லை, திரும்பவில்லை, இன்னும் இடதுபக்கம் போனது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்து வலதுபக்கம் இழுத்தேன். அதற்குள் அந்த மனுஷன் பிரேக் அடித்து, நடுத்தடுப்பில் மோதி, மூன்று சுற்று சுற்றி நின்றான். பெயர் விடோர். மார்சலியில் கொதிகலன் பழுது பார்க்கிறவன். கால் முட்டி தூள் தூளாகிவிட்டது.

ஜூன் 13 அன்று ஷியோஃபோக் நீதிமன்றத்தில் நான் நிற்க வேண்டும். என்னால்தான் அவன் கால் போனது என்று தீர்ப்பானால் என் லைசென்ஸ் போகும். கனரக லைசென்ஸ், டால்மா. பத்தொன்பது வருஷம் டிரியெஸ்டேக்கும் புடாபெஸ்டுக்கும் நடுவில் லாரி ஓட்டினேன், ஒருத்தன் பம்பரில்கூட நான் கீறல் போட்டதில்லை. எனக்கு வேறு வேலை தெரியாது. அந்த வேலையை விடச்சொல்லி என்னைக் கூப்பிட்டதும் நீதான்.

அந்தக் கார் திரும்பியிருக்குமா? உண்மையைச் சொல்.

தீஹமேர்

*

புடாபெஸ்ட்
ஏப்ரல் 19

அண்ணா,

நீ மொட்டையாக 'டால்மா' என்று தொடங்கியிருந்தாய். நான் அண்ணா என்றே தொடங்குகிறேன். பாசத்தால் இல்லை, வேறு எப்படிக் கூப்பிடுவதென்று தெரியாததால்.

வழக்கு முடியும்வரை உன்னோடு பேசக்கூடாது என்று கம்பெனி எனக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறது. இந்தக் கடிதம் போடுவதே தப்பு. அதைத் தெரிந்துகொண்டு படி.

நீ எழுதியதைப் படித்தால் ஏதோ மாடு மிரண்டு இடதுபக்கம் பாய்ந்த மாதிரி இருக்கிறது. கார் அப்படி எதுவும் செய்யாது. தடம் மாறுவதற்கு முன்னால் அது எவ்வளவு யோசிக்கிறது என்பது நான்கு மாதம் அதில் உட்கார்ந்த உனக்குத் தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்? லாரிக்குப் பின்னாலேயே போனால் எவ்வளவு நேரம் வீணாகும் என்று கணக்குப் போடும். பக்கத்துத் தடத்தில் எங்கெங்கே இடம் இருக்கிறது என்று பார்க்கும். ஒவ்வோர் இடத்துக்கும், பின்னால் வருகிறவன் அடுத்த ஆறு விநாடி என்ன செய்வான் என்று ஊகிக்கும். சரியென்று பட்டால் மூன்று விநாடி இண்டிகேட்டர். அப்புறம் இன்னொரு தடவை பார்க்கும். அப்புறம்தான் நகரும். நகரும்போதும் விநாடிக்குப் பத்து முறை, தொடரலாமா திரும்பலாமா என்று தன்னையே கேட்டுக்கொள்ளும். நீ டிரியெஸ்டே ரோட்டில் விநாடிக்கு எத்தனை முறை கேட்டுக்கொண்டாய்? நீ ஒரு கையில் சலாமி ரொட்டியோடு ஓட்டி நானே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. உன் முகத்துக்கு நேராக ஒரு கேமரா இருந்ததை மறந்துவிட்டாயா? அந்தப் படத்தை நான் பார்த்தேன், எத்தனை தடவை என்று கேட்காதே. உன் பார்வை பின்பக்கக் கண்ணாடிக்குப் போகிறது. சாம்பல் கார் உனக்குத் தெரிந்துவிட்டது, உன் முகத்திலேயே தெரிகிறது. உன் கை தொடையில் இருக்கிறது. அங்கேயே இருக்கிறது. இரண்டு முழு விநாடி. அதற்கப்புறம்தான் ஸ்டீயரிங்குக்கு வருகிறது. நீ போலீஸில் என்ன எழுதிக் கொடுத்தாய்? 'கை எப்போதும் ஸ்டீயரிங்கில்தான் இருந்தது.' அந்தக் காகிதமும் என் மேசையில் இருக்கிறது.

இரண்டு விநாடிக்கு முன்னால் நீ இழுத்திருந்தால் விடோர் இன்றைக்கு மார்சலியில் யார் வீட்டுக் கொதிகலனையோ திட்டிக்கொண்டு நின்றிருப்பார். என்னைக் கேள்வி கேட்பதற்கு முன்னால் உன் கையைக் கேள்.

அறிக்கையில் இருப்பது கணினியில் மறுபடி ஓட்டிப் பார்த்ததில் வந்த முடிவு. மறுஓட்டத்தில் கார் திரும்பியது. நான் பார்த்ததில்தான் கையெழுத்துப் போட்டேன்.

எமோகே அண்ணியிடம் என் கையெழுத்து பள்ளிக்கூடத்திலிருந்தே அப்படித்தான் என்று சொல்.

டால்மா

*

ஃபோன்யோட்
ஏப்ரல் 26

டால்மா,

சரி. இரண்டு விநாடி. உனக்கு மட்டும் ஒத்துக்கொள்கிறேன். போலீஸில் நான் பொய் சொன்னேன். ரோட்டில் ஒரு மனுஷன் கத்திக்கொண்டிருக்கிறான், எதிரே ஒரு போலீஸ்காரி பேனாவோடு நிற்கிறாள். நீயாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பாய்.

அந்த இரண்டு விநாடியில் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? கேமராவில் அது விழுந்திருக்காது, நானே சொல்கிறேன். பொகாச்சா.

சிரிக்காதே. ஃபெஹேர்வார் சோதனைத் தளத்துக் கொட்டகையில் அந்த வெள்ளைப் பலகையை மாட்டியது யார்? எவன் ஸ்டீயரிங்கைப் பிடித்துக் காரின் ஓட்டத்தைக் கெடுக்கிறானோ அவன் பெயருக்கு நேராக ஒரு கோடு. வெள்ளிக்கிழமை அவன் எல்லோருக்கும் ஒரு தட்டு உப்புப் பொகாச்சா ரொட்டி சுட்டுக் கொண்டுவர வேண்டும். உன் அழகான கையெழுத்திலேயே எழுதியிருந்தாய், மூலையில் ஒரு அடுப்புப் படம்கூடப் போட்டிருந்தாய். நவம்பரில் நாங்கள் எல்லோரும் சிரித்தோம். பிப்ரவரியில் என் பெயருக்கு நேராக நான்கு கோடு. எமோகே மாவுப் பையை உதறிக் காட்டி, "நீங்க கார் ஓட்டப் போறீங்களா, பேக்கரி நடத்தப் போறீங்களா?" என்று கேட்டாள். அந்த வெள்ளிக்கிழமை கொலோஷ் வாய் நிறைய என் பொகாச்சாவை வைத்துக்கொண்டு, "தீஹமேர், கார் மேல நம்பிக்கை இல்லையா, இல்ல வீட்டு அடுப்பு அணையவே கூடாதுன்னு இருக்கீங்களா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். நான் உன்னைப் பார்த்தேன்.

ஐம்பத்திரண்டு வயது எனக்கு. அந்தப் பையன்களுக்கு நடுவில் பயந்தாங்கொள்ளிக் கிழவன் என்று பெயர் எடுத்துவிட்டேன். அதனால் மார்ச் 7 அன்று சாம்பல் காரைப் பார்த்ததும் எனக்குள் ஒரு குரல், இரு, அது பார்த்துக்கொள்ளும், இன்னொரு தட்டு வேண்டாம் என்றது. அந்தக் குரலைக் கேட்டுக் கை தொடையிலேயே இருந்தது. அது என் தப்பு, யார் மேலும் போட மாட்டேன். பலகை மாட்டியது உன் தப்பு.

இப்போது நீ பதில் சொல். டிசம்பரில் அந்தக் கார் பாதி நகர்ந்துவிட்டுத் திரும்பும். சக்கரம் கோட்டில் ஏறின பிறகும் திரும்பும், எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஜனவரி பாதியிலிருந்து ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. சக்கரம் கோட்டில் பட்டால் அவ்வளவுதான், அது போயே தீரும். தினமும் ஏழு மணி நேரம் அதற்குள் உட்கார்ந்திருந்தவன் சொல்கிறேன். மார்ச்சில் திரும்பத் தெரியாத கார் உன் கணினியில் மட்டும் எப்படித் திரும்பியது?

என்னிடம் கணக்குச் சொல்லாதே. ஆமா என்று சொல், அல்லது இல்லை என்று சொல்.

தீஹமேர்

*

புடாபெஸ்ட்
மே 15

அண்ணா,

மூன்று வாரமாக இதை எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். பதில்: திரும்பியிருக்காது.

நீ பார்த்தது சரி. ஜனவரியில் நான்தான் மாற்றினேன். ஜெர்மனியிலிருந்து விருந்தாளிகள் வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? அன்றைக்கு நீ லீவு. வெங்காய லாரி ஒன்றுக்குப் பின்னால் கார் இடதுபக்கம் போய்ப் போய்த் திரும்பியது. பதினொரு தடவை. பின் சீட்டில் இருந்தவர் முகம் வெளுத்து, சாலையோரம் நிறுத்தச் சொல்லி இறங்கிப் போய் நின்றுகொண்டார். கொலோஷ் அவர்கள் முன்னால் என்னிடம், "இது காரா, இல்ல கல்யாணத்துக்குச் சரின்னும் சொல்லாம வேண்டாம்னும் சொல்லாம இழுத்தடிக்கிற பொண்ணா?" என்று கேட்டார். எனக்கு முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. எல்லோருக்கும் தெரியும் அவர் எதைச் சொன்னார் என்று. திங்கட்கிழமைக்குள் சரிசெய்யச் சொன்னார்.

சரிசெய்தேன். முன்பு, காரின் பாதி உடம்பு அடுத்த தடத்துக்குள் போகும்வரை அது மனசு மாறலாம். நான் அந்த எல்லையை முன்னால் இழுத்து, முதல் சக்கரம் கோட்டில் படும் இடத்தில் வைத்தேன். பட்ட பிறகு திரும்பும் யோசனையே கிடையாது, மாறி முடித்தாக வேண்டும். அதில் நியாயமும் இருந்தது. இரண்டு தடத்துக்கு நடுவில் தயங்கி நிற்கிற காரும் ஆளைக் கொல்லும். ஆனால் நான் அதற்காகச் செய்யவில்லை. கொலோஷ் இன்னொரு முறை அப்படிப் பேசக்கூடாது என்பதற்காகச் செய்தேன்.

மார்ச் 7 சாயங்காலம் செய்தி வந்தது. 9ஆம் தேதி நான் எல்லையைப் பழைய இடத்துக்கே திருப்பி வைத்தேன். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான். 20ஆம் தேதி கொலோஷ் மறுஓட்டம் கேட்டார். எந்த மென்பொருளில் ஓட்டுவது என்று கேட்டேன். "இப்போ கார்ல எது இருக்கோ அதுல ஓட்டு" என்றார். இப்போது காரில் இருந்தது நான் திருத்தியது. விபத்து நடந்தபோது இருந்தது இல்லை. திருத்திய கார் அழகாகத் திரும்பியது. அவருக்குத் தெரிந்தேதான் கேட்டார், எனக்கும் தெரிந்தேதான் ஓட்டினேன். கையெழுத்துப் போடும்போது கொலோஷ் சொன்னார், ஓட்டுநரின் தங்கையே போட்டால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று. எனக்குப் பேனா கையிலிருந்து நழுவியது. எடுத்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஏன் போட்டேன் என்று கேட்பாய். கோபம்தான். உன் மேல். அந்தப் படத்தில் உன் கை தொடையில் கிடந்ததைப் பார்த்துப் பார்த்து எனக்கு வெறி பிடித்திருந்தது. நான் தப்பு செய்தால் தடுக்கத்தானே உன்னை அங்கே உட்கார வைத்தேன்? முன்பின் தெரியாத ஒருவனை உட்கார வைக்காமல் என் அண்ணனை உட்கார வைத்தது அதற்குத்தானே? நீ இருக்கிறாய் என்ற தைரியத்தில்தான் ஜனவரியில் நான் அந்த எல்லையில் கை வைத்தேன்.

இப்போது ஒன்று சொல்கிறேன், கேள். நீ போலீஸுக்குப் போய் அந்த இரண்டு விநாடியை ஒத்துக்கொள். நான் மறுஓட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஒரே நாளில் இரண்டு பேரும். நீ சொல்லாமல் நான் மட்டும் சொன்னால் என் வேலை போகும், பொய் அறிக்கை என்று வழக்கும் வரும், நீ மட்டும் நல்லவனாக வெளியே வருவாய். அது நியாயமா என்று நீயே சொல்.

டால்மா

*

ஃபோன்யோட்
மே 20

என்னிடம் பேரமா பேசுகிறாய்?

நேற்று ஆஸ்பத்திரிக்கு விடோரைப் பார்க்கப் போனேன். போகக்கூடாது என்று வக்கீல் சொல்லியிருந்தார். மூன்றாவது ஆபரேஷன் முடிந்திருக்கிறது. காலைச் சுற்றி இரும்புக் கம்பிகள், எலும்புக்குள் திருகி வைத்திருக்கிறார்கள். நான் யார் என்று சொன்னேன். வெளியே போகச் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை. "நான் வேகமாத்தான் வந்தேன், அது எனக்குத் தெரியும். அதைப் போலீஸ்லயும் சொல்லிட்டேன்" என்றார். பிறகு, "ஒண்ணு மட்டும் எனக்குச் சொல்லுங்க. அந்தக் கார் என்னைப் பார்த்துச்சா, பார்க்கலையா?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. பத்தொன்பது வருஷம் லாரி ஓட்டியவன், நான்கு மாதம் அந்தக் காரில் உட்கார்ந்தவன், கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அவர் தன் தப்பைக் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டார். நாம் இரண்டு பேரும் நீ முதலில், நீ முதலில் என்று தபாலில் சண்டை போடுகிறோம். எனக்கு உன்னைப் பார்த்தாலும் வெறுப்பாக இருக்கிறது, என்னைப் பார்த்தாலும் வெறுப்பாக இருக்கிறது.

பதில் எழுதாதே.

தீ.

*

புடாபெஸ்ட்
ஜூன் 12

அண்ணா,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இது உனக்கு நாளைக்குள் கிடைக்குமா என்று தெரியவில்லை. போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. அண்ணி எடுத்து, நீ படகுத்துறையில் போய் உட்கார்ந்திருப்பதாகவும் போனை வீட்டிலேயே வைத்துவிட்டதாகவும் சொன்னார்.

விடோரின் கேள்விக்குப் பதில் தேடினேன். பார்த்தது. நூற்றுநாற்பது மீட்டர் தூரத்திலேயே பார்த்தது, வேகத்தையும் சரியாகவே அளந்தது. பார்க்காமல் போயிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பார்த்துவிட்டு, இவர் வேகத்தைக் குறைத்து வழிவிடுவார் என்று முடிவு செய்தது. அந்த நம்பிக்கை அதற்கு எங்கிருந்து வந்தது என்று ஒரு வாரமாகத் தோண்டினேன்.

நம்மிடமிருந்துதான் வந்திருக்கிறது. சோதனைத் தளத்தில் பின்னால் வேகமாக வருகிற காரை யார் ஓட்டினார்கள்? உன்னோடு வேலை செய்கிற டிரைவர்கள், முறை வைத்து. எழுநூறு ஓட்டத்தைப் பார்த்தேன். வேகத்தைக் குறைக்காமல் வரவேண்டும் என்பது அவர்களுக்குக் கொடுத்த உத்தரவு. நவம்பர் வரை அப்படித்தான் வந்திருக்கிறார்கள். பலகை மாட்டிய வாரத்திலிருந்து எல்லோரும் கடைசி நேரத்தில் கொஞ்சம் குறைத்திருக்கிறார்கள். பத்துக்கு ஒன்பது ஓட்டத்தில். முன்காரில் இருப்பவன் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டிவராது, அவன் பெயருக்குக் கோடு விழாது. அப்படித்தானே? நீங்கள் ஒருத்தருக்கொருத்தர் உதவி செய்துகொண்டீர்கள். அதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் பின்னால் வருகிறவன் எல்லாம் வழிவிடுவான் என்று கார் கற்றுக்கொண்டது. நான் விளையாட்டுக்கு வரைந்த ஒரு அடுப்புப் படம், அண்ணா.

இன்று காலை அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்குப் போய் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். ஜனவரியில் மாற்றியது, மார்ச் 9 அன்று திருப்பி வைத்தது, மறுஓட்டம் எதில் ஓடியது, கொலோஷ் சொன்னது, என் கையெழுத்து, பின்காரில் வந்தவர்கள் வேகத்தைக் குறைத்தது, எல்லாம். பேரம் இல்லை. பேரம் பேசியதற்காக என்னை நீ என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நாளைக்கு நீ வாயைத் திறக்காதே. வக்கீல் பேசட்டும். என் வாக்குமூலம் போதும், கார் திரும்பியிருக்காது என்று ஆகிவிட்டால் வழக்கு உன்னை விட்டுப் போய்விடும். இரண்டு விநாடியைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். உன் லைசென்ஸாவது மிஞ்சட்டும்.

டால்மா

*

ஃபோன்யோட்
ஜூன் 15

டால்மா,

உன் கடிதம் இன்று காலை வந்தது. இரண்டு நாள் தாமதம்.

நடந்ததைச் சொல்கிறேன். காலையில் அரசு வழக்கறிஞர் எழுந்து, முன்தினம் உன்னிடமிருந்து ஒரு வாக்குமூலம் வந்திருப்பதாகச் சொல்லி வாசித்தார். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் முடிப்பதற்குள் கம்பெனி வக்கீல் எழுந்துவிட்டார். கோபப்படக்கூட இல்லை, பரிதாபப்படுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "அண்ணனைக் காப்பாத்த ஒரு தங்கச்சி என்ன வேணும்னாலும் எழுதிக் கொடுப்பா. மனுஷ சுபாவம், நாம யாரும் தப்புச் சொல்ல முடியாது. ஆனா ரெண்டு மாசம் முன்னாடி இதே பொண்ணு கையெழுத்துப் போட்ட அறிக்கை நம்ம முன்னாடி இருக்கு" என்றார். நீதிபதி அம்மா தலையை ஆட்டினார். உன் வாக்குமூலத்தின் நகல் இருந்த கோப்பை மூடி வைத்தார். எனக்கு அந்த மூடுகிற சத்தம் கேட்டது.

நம் அண்ணன் தங்கை உறவை முதலில் அறிக்கைக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தினார்கள். இப்போது அதையே வைத்து உன்னைப் பொய்க்காரி ஆக்கினார்கள். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

உன் கடிதம் கையில் இருந்திருந்தாலும் நான் உட்கார்ந்திருக்க மாட்டேன். என் வக்கீல் சட்டையைப் பிடித்து இழுத்தார், உதறிவிட்டேன். "நான் போலீஸ்ல பொய் சொன்னேன். என் கை ஸ்டீயரிங்ல இல்ல, தொடையில இருந்தது. பின்னால வந்த காரைப் பார்த்த பிறகும் ரெண்டு விநாடி கையை எடுக்கல. பொகாச்சா சுட்டுக்கிட்டு வரச் சொல்வாங்கன்னு எடுக்கல" என்றேன். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அம்மா சிரிக்கவில்லை. என்ன பொகாச்சா என்று கேட்டார். பலகையைப் பற்றிச் சொன்னேன். உன் வாக்குமூலத்தில் வாசித்த மாதிரியே, பின்காரில் போகும்போது நாங்கள் எல்லோரும் வேகத்தைக் குறைத்தோம் என்பதையும் சொன்னேன். நீ கண்டுபிடித்தது சரி, கூட வேலை செய்கிறவனுக்கு ஏன் ஒரு தட்டுச் செலவு என்று குறைத்தோம், அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கார் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை.

கம்பெனி வக்கீல் மறுபடி எழுந்தார், பிறகு உட்கார்ந்துவிட்டார். தன்னைத் தானே மாட்டிவிடுகிறவனைக் காப்பாற்றத் தங்கை பொய் எழுதினாள் என்று இனி அவரால் சொல்ல முடியாது. நீதிபதி அம்மா உன் கோப்பை மறுபடி திறந்தார். வெளியாள் ஒருவரை வைத்து, விபத்து நாளில் காரில் இருந்த மென்பொருளிலேயே மறுபடி ஓட்டிப் பார்க்க உத்தரவு போட்டிருக்கிறார். கொலோஷைக் கூப்பிட்டு அனுப்பியிருக்கிறார்கள். உன்னையும் கூப்பிடுவார்கள், தயாராக இரு.

என் லைசென்ஸை அங்கேயே வாங்கிக்கொண்டார்கள், வழக்கு முடியும்வரை. முடிந்த பிறகும் வருமா என்று வக்கீலைக் கேட்டேன், அவர் தன் பையைத் தேடினார். பொய் வாக்குமூலத்துக்கு அபராதம் தனி. வீட்டு வாசலில் எமோகே, "இதை மார்ச்லயே சொல்லியிருந்தா எனக்கு மூணு மாசத் தூக்கம் மிஞ்சியிருக்கும்" என்றாள்.

உன்னை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். வருத்தம் என்று எழுத மனசு வரவில்லை, சந்தோஷமும் இல்லை. உன் மேல் எனக்குக் கோபம் போகவில்லை, டால்மா. பேனாவைக் கீழே போட்டுவிட்டு மறுபடி எடுத்தாயே, அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் தாளைக் கிழிக்கலாம் போலிருக்கிறது. நான் இருக்கிற தைரியத்தில் செய்தேன் என்று எழுதியிருந்தாய். அதற்கும் கோபம். அது உண்மை என்பதற்கு இன்னும் கோபம்.

விடோர் நேற்று வீட்டுக்கு வந்துவிட்டார். அவர் கேட்டதற்கு நான் போய்ப் பதில் சொல்ல மாட்டேன். பார்த்துச்சா என்று அவர் என்னைக் கேட்டார், ஆனால் அந்தப் பதில் உன்னுடையது. அடுத்த சனிக்கிழமை காலை ரயிலில் வா. ஸ்டேஷனுக்குக் காரில் வந்து கூட்டிப்போக இனி என்னால் ஆகாது, மார்சலிக்குப் பத்தே முக்காலுக்குப் பஸ் இருக்கிறது. பஸ்ஸில் நான் உன் பக்கத்து சீட்டில் உட்கார மாட்டேன், என்னிடம் பேச்சுக் கொடுக்காதே. ஆனால் அவர் வீட்டுக் கதவை நீ தட்டும்போது பக்கத்தில் நிற்பேன்.

அண்ணன்